பதின்மூன்றாம் ஸ்தலத்தின் நாலாவது அடி

அந்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு வந்திருந்தவர்களைச் சொல்கிறேன்.

உபதேசியார். கையில் செபப் புத்தகம். மூக்குக்கண்ணாடியின் ஒரு காம்பு உடைந்து நூல் கட்டியிருந்தார். அவர் மனைவி. அடுத்து மருத்துவச்சி, எனக்குச் சின்னம்மா முறை, பாட்டை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். பால்காரர். ஐப்பசி மழையில் மகனைக் கிணற்றில் பறிகொடுத்த அவர் மனைவி. அவளுடைய மாமியார். தெருப் பெண்கள் இன்னும் ஏழு பேர். காது கேட்காத பெரியவர் ஒருவர். தூணுக்குப் பக்கத்தில், முக்காடு போட்டு, என் மனைவி. வாசலோரம் மெழுகுவர்த்தியோடு நான்.

அது அறுபத்திரண்டாம் வருஷத்துத் தவசுகாலம். நடந்தது அதற்கு ஆறு வருஷம் முன்னால். அங்கிருந்து சொன்னால்தான் விளங்கும்.

திண்டிவனம் ரயிலடிக்குத் தெற்கே, விழுப்புரம் போகிற தண்டவாளத்தை ஒட்டி எங்கள் தெரு. இருபது வீடு. ஓடு போட்ட சின்னக் கோயில். சாமியார் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்லவும் ஞானோபதேசம் நடத்தவும் உபதேசியார்தான் எங்களுக்கு.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ரயில்வேயில் கீமேன் வேலை. தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கிற இரும்பு ஆப்பு, வண்டி போகிற அதிர்ச்சியில் கழன்றுவரும். காலையில் சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக நடக்க வேண்டும். கழன்ற ஆப்பை அடித்து இறுக்க வேண்டும். மூன்று மைல் போக, மூன்று மைல் வர. பேச ஆள் இல்லாத வேலை. எனக்கு அது ஒத்து வந்தது.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவசுகாலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை நடக்கும். ஆண்டவர் தீர்ப்பு வாங்கியதிலிருந்து அடக்கமாகிறவரை பதினாலு ஸ்தலம். ஒவ்வொரு ஸ்தலத்திலும் உபதேசியார் புத்தகத்தில் உள்ள செபத்தைச் சொல்வார். சொல்லி முடித்ததும் பெண்கள் நாலு அடிப் பாட்டு ஒன்று பாடுவார்கள். அது புத்தகத்தில் கிடையாது. தெருப் பெண்கள் வாயாலேயே கட்டியது. யாரும் எழுதி வைத்ததில்லை.

பன்னிரண்டு ஸ்தலத்துக்குப் பாட்டு பழசு. எல்லாருக்கும் பாடம். பதினாலாவது அடக்கம்; அதற்குப் பாட்டில்லை, மௌனம். பதின்மூன்றாவது மட்டும் மாறும். ஆண்டவரைச் சிலுவையிலிருந்து இறக்கி மாதா மடியில் கிடத்துகிற ஸ்தலம் அது. அதற்குப் பாட்டுக் கட்டுவது பிள்ளையைச் சாகக் கொடுத்தவள். அவளே கட்டி அவளே பாட வேண்டும். தவசுகாலத்தின் முதல் நாளான விபூதிப் புதன் அன்று தொடங்கி முதல் வெள்ளிக்குள் கட்டிவிடுவார்கள்.

அதற்குச் சட்டம் மூன்று. மாதா பேசுகிற மாதிரிதான் பாட வேண்டும். தன் பிள்ளையைப் பற்றி ஒரு சொல் வரக்கூடாது. தவசு நாளில் நம் சாவுக்கு நாம் அழக்கூடாது, ஆண்டவர் சாவுக்குத்தான் அழ வேண்டும் என்பார்கள். மூன்றாவது, நாலு அடியும் முடியாமல் அந்த இடத்தை இன்னொருத்திக்கு விடக்கூடாது. அரைகுறையாக விட்டால் பிள்ளை மடியிலேயே கிடக்கும், அடக்கத்துக்குப் போகாது என்று ஒரு பேச்சு.

உபதேசியார் ஒவ்வொரு விபூதிப் புதனும் சொல்வார்.

"பாட்டு காதுக்கு இல்லை. வெள்ளிக்கிழமை ஒரு வேளைதானே சாப்பிடறோம். மிச்ச ரெண்டு வேளைக்கு இதைப் போட்டு மென்னுகினு இருங்க."

அம்பத்தாறில் விபூதி பூசிக்கொண்ட அன்று, நாற்பது நாளும் குடிப்பதில்லை என்று பொருத்தனை வைத்தேன். மூன்றாவது வாரம் முறிந்தது. எங்கள் பக்கம் மதுவிலக்கு. கிளியனூர் தாண்டிப் போனால் புதுச்சேரி எல்லை, அங்கே கடை உண்டு. தண்டவாளம் பழுது பார்க்கிற கேங்கு ஆட்கள் இரண்டு பேர் கூப்பிட்டார்கள். போனேன். அங்கேயே படுத்துவிட்டேன். காலையில் இன்னொரு கிளாஸ் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாசம். இன்னும் நாள் இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

நான் வீட்டுக்கு வந்தபோது குழந்தை பிறந்திருந்தது. விடியலில் பிறந்ததாம். பெண். சின்னம்மா வந்து பார்த்து, குளிப்பாட்டி, துணியில் சுற்றி வைத்துவிட்டு வேறொரு வீட்டுக்குப் போய்விட்டாள். "நல்லா கத்துது. ஞாயித்துக்கெழமை சாமியார் வந்ததும் ஞானஸ்நானம் குடுத்துடலாம்" என்று சொல்லிப் போனாளாம்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். வாடை அடித்திருக்கும்.

உச்சி வேளைக்குக் குழந்தை நிறம் மாறியது. உதடு முதலில். பிறகு நகம். அழுகை நின்றுபோய், மீன் மாதிரி வாயைத் திறந்து மூடியது.

"தண்ணி ஊத்துங்க" என்றாள்.

எனக்குத் தெரியும். ஞானோபதேசம் படித்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஆண், பெண், பாவி, வேற்று மதத்தார், யார் ஊற்றினாலும் செல்லும். தலையில் தண்ணீர், வாயில் ஒரு வரி. அவ்வளவுதான். குடம் மூலையில் இருந்தது. நிறைய இருந்தது. முந்தின நாள் சாயங்காலம், எட்டு மாச வயிற்றோடு அவள் கொண்டுவந்து வைத்தது. பக்கத்தில் லோட்டா.

நான் லோட்டாவை எடுத்தேன். மொண்டேன். அப்போது என் மூச்சு என் மூக்கிலேயே அடித்தது. இந்த வாயில் பிதா சுதன் பெயரைச் சொல்லக்கூடாது என்று தோன்றியது. பொருத்தனையை முறித்த வாய். சொன்னால் ஞானஸ்நானம் கெட்டுப்போகும், குழந்தைக்கு என் பாவம் ஒட்டும் என்று நினைத்தேன். அப்படி எந்தப் புத்தகத்திலும் இல்லை. நினைத்தேன்.

லோட்டாவை வைத்தேன்.

"உபதேசியாரை இட்டாறேன்" என்றேன்.

"ஏங்க. ஊத்திட்டுப் போங்க."

ஓடினேன்.

உபதேசியார் கோயிலில் இல்லை. மல்லாட்டைக் கொல்லையில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். வரப்பில் ஓடினேன். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார்.

"கொழந்தைக்கு முடியலைங்க. ஜல்தி வாங்க."

"தண்ணி ஊத்தினியா?"

"குடத்துல தண்ணி இல்லைங்க."

இதுதான் நான் சொன்னது. யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகும் திருத்தவில்லை.

திரும்பி வந்தோம். பிள்ளை பெற்ற அறைக்குள் வேற்று ஆண் வரமாட்டார். உபதேசியார் வாசலில் நின்றார். நான் உள்ளே போனேன். என் மனைவி பாயில் இல்லை. பாய்க்கும் குடத்துக்கும் நடுவே தரையில் இருந்தாள். இழுத்துக்கொண்டு வந்த தடம் தரையில் இருந்தது. குழந்தை ஒரு கையில். இன்னொரு கை குடத்துப் பக்கம் நீட்டியிருந்தது. எட்டவில்லை.

குழந்தை போய்விட்டிருந்தது.

வெளியிலிருந்து உபதேசியார் சொன்னார். "மனசைத் தேத்திக்கோமா. வூட்டுல தண்ணி இல்லாத வேளையா பார்த்து இப்படி ஆயிப்போச்சு."

என் மனைவி தலையைத் திருப்பிக் குடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். 

ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள் இடமில்லை. அந்தக் காலத்துச் சட்டம். மணி அடிக்கமாட்டார்கள். செபம் இல்லை. சுவருக்கு வெளியே, முள்ளுச் செடி இருக்கிற பக்கம் புதைக்க வேண்டும். நானே வெட்டினேன். நானே மூடினேன். என்னோடு யாரும் வரவில்லை, நானும் யாரையும் கூப்பிடவில்லை. அடையாளத்துக்குத் தேய்ந்துபோன இரும்பு ஆப்பு ஒன்றைத் தலைமாட்டில் அடித்தேன். சுவரிலிருந்து எத்தனை தப்படி என்று எண்ணிக்கொண்டேன். வேலைப் பழக்கம்.

அவளிடம் இடத்தைச் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை.

என் பொய் தெருவில் வளர்ந்தது. நான் வளர்க்கவில்லை, தானாக வளர்ந்தது. நிறைமாசம் நெருங்குகிறவள் வீட்டில் ஒரு குடம் தண்ணீர் இல்லை. சோம்பேறி. அதனால் பிள்ளை மோட்சம் போகாமல் இருட்டுக்குப் போனது. கிணற்றடியில் அவள் போனால் பேச்சு நிற்கும். ஒருநாள் பால்காரரின் தாயார் எல்லார் முன்னாலும் சொன்னாளாம்.

"ரெண்டு கொடமா எடுத்துகினு போடி. மறுபடி தேவைப்படப்போவுது."

இதை என்னிடம் என் மனைவி சொல்லவில்லை. சின்னம்மாதான் சொன்னாள். சின்னம்மாவுக்கு வேறு கவலை.

"நான் குளிப்பாட்டின தண்ணி போக மிச்சம் வச்சேனா, எல்லாத்தையும் கொட்டிட்டேனா, நெனப்பே வரமாட்டேங்குது" என்றாள். "நான்தான் கொட்டிட்டேன் போலக்குது. பாவம், பழி அவ மேல."

நான் ஒன்றும் பேசவில்லை. தவசுகாலம் முடிகிற பெரிய வாரத்தில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். குடித்ததைச் சொன்னேன். தண்ணீரைச் சொல்லவில்லை. சொல்லாமலே பூசையில் நன்மை, அந்தத் திரு அப்பம், வாங்கினேன். பாவத்தை மறைத்து வாங்குவது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

அந்தத் தவசுகாலம் அவள் தீட்டிலேயே கழிந்தது. அடுத்த வருஷம் அவள் முறை வந்தது. உபதேசியார் தயங்கினார்.

"ஞானஸ்நானம் வாங்காத கொழந்தை. ரிஜிஸ்டர்ல பேர் இல்லை. அவ பதின்மூணாவது பாடலாமான்னு சாமியாரைக் கேக்கணும்."

சின்னம்மா விடவில்லை. "அவ பெத்தது நெசமா இல்லியா? நான்தானே புடிச்சேன். சாமியாரா வந்து புடிச்சாரு?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். உபதேசியாரும் விட்டுவிட்டார்.

விபூதிப் புதனிலிருந்து என் மனைவி பாட்டுக் கட்டத் தொடங்கினாள். கேப்பை அரைக்கும்போது உதடு அசையும். நான் வந்தால் நிற்கும். எனக்கு வேறு யோசனையே இல்லை. இதில் என் சங்கதி வருமா, வராதா. அவள் ஒரு அடி பாடினால் போதும், தெருவுக்குத் தெரிந்துவிடும். பதின்மூன்றாம் ஸ்தலத்துப் பாட்டில் பொய் வராது என்று எல்லாரும் நம்புவார்கள்.

முதல் வெள்ளி. பன்னிரண்டு ஸ்தலம் முடிந்தது. அவள் எழுந்து நின்றாள். பாடினாள்.

ஆத்துத்தண்ணி ஊத்த உனக்கு
ஆளிருந்தான் என் மகனே.
ஆணி பட்ட கையைக் கழுவ
ஆத்தா இருக்கேன் என் மகனே.
குடம் நிறையத் தண்ணியிருந்தும்
குடல் பதைச்சுக் கேட்டிருந்தும்

அங்கே நிறுத்தினாள். இரண்டு வரி சேர்ந்தது ஓர் அடி, எங்கள் கணக்கில். மூன்று அடி ஆகியிருந்தது. நாலாவது வரவில்லை.

சின்னம்மா கேட்டாள். "நாலாவது?"

"வரலை."

"வராம? தண்ணியிருந்தும் இன்னா ஆச்சு?"

"வரலை சின்னம்மா."

உபதேசியார் என் பக்கம் திரும்பினார். கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை. பிறகு பதினாலாவது ஸ்தலத்துக்குப் போனார். பெண்கள் பாட்டைத் தங்களுக்குத் தெரிந்த மாதிரி அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். முதல் அடி ஆண்டவர் ஆற்றில் ஞானஸ்நானம் வாங்கியது என்றார்கள். ஆண்டவர் தாகமாயிருக்கிறேன் என்று சொன்னாரே, சேவகர்கள் தண்ணீர் கொடுக்கவில்லையே, அதைச் சொல்கிறாள் என்றார்கள். நன்றாயிருக்கிறது என்றும் சொன்னார்கள்.

எனக்கு அன்று பயம் போனது. அவள் சொல்லமாட்டாள் என்று தெரிந்தது. அன்று சாயங்காலம் கஞ்சி நன்றாக இறங்கியது. அதை நினைத்தால் இப்போதும் கஷ்டம்.

அடுத்த வெள்ளியும் மூன்று அடி. பெரிய வெள்ளியும் மூன்று அடி. அடுத்த வருஷமும் அதேதான். அவள் நிறுத்துவாள், பெண்கள் ஒரு மூச்சு காத்திருப்பார்கள், உபதேசியார் நகர்வார்.

அம்பத்தொன்பதில் என்னை விழுப்புரம் கேங்குக்கு மாற்றினார்கள். ஒரு வருஷம் அங்கே. ரயிலடிக்குப் பக்கத்தில் நாலு பேர் ஒரு ரூமில் இருந்தோம். தவசு வெள்ளிக்கிழமை மத்தியான பாசஞ்சரில் ஊருக்கு வந்துவிடுவேன். மேஸ்திரி பிடித்துக்கொண்டார்.

"இன்னாபா, வெள்ளிக்கெழமை ஆனா வூட்டுக்கு ஓடறே. புதுப் பொண்டாட்டியா?"

"கோயில்ல பாட்டு இருக்குதுங்க."

"நீயா பாடறே?"

"இல்லைங்க. கேக்கறதுக்கு."

"கேக்கறதுக்கு லீவா? நல்லா கீது உன் பேஜாரு."

போகாமல் இருந்திருக்கலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் அந்தப் பாட்டு என்னை விடவில்லை. தண்டவாளத்தில் நடக்கும்போது வரும். கட்டைக்கு ஒரு சொல்லாக வரும். மூன்று அடியும் வந்துவிட்டு நாலாவதுக்கு இடம் காலியாக இருக்கும். அந்த இடத்தில் சுத்தியல் விழுகிற சத்தம் மட்டும். உபதேசியார் மென்று கொண்டிருங்கள் என்றார். நான் மெல்லவில்லை. அதுதான் என்னை மென்றது.

கேட்டுக் கேட்டுத்தான் ஒன்று விளங்கியது. முதல் வருஷம் என் பெயர் வருமா என்று கேட்டேன். இரண்டாம் வருஷம் நாலாவது அடி என்னவாக இருக்கும் என்று கேட்டேன். விழுப்புரத்திலிருந்து வந்து கேட்ட வருஷம்தான் மூன்றாவது அடியைக் கேட்டேன். குடல் பதைச்சுக் கேட்டிருந்தும். அவள் கேட்டாள். ஏங்க, ஊத்திட்டுப் போங்க என்றாள். அந்தக் குரல் அப்படியே பாட்டில் இருந்தது. மூன்று வருஷமாக இருந்தது.

அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. இரண்டு வருஷம்.

இந்தக் காலத்தில் தெருவில் பிள்ளைச் சாவு இல்லாமல் இல்லை. இரண்டு இருந்தது. அந்த இரண்டு தாய்மாரும் பதின்மூன்றாவதைக் கேட்கவில்லை. என் மனைவி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அறுபத்தொன்று ஐப்பசியில் பால்காரர் மகன் கிணற்றில் போனான். பன்னிரண்டு வயசு. அவன் தாய் கேட்டாள்.

விபூதிப் புதன் கழிந்து முதல் வெள்ளியும் மூன்று அடியோடு போனது. மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. மாமியாரும் கூட வந்திருந்தாள். நான் உள்ளே சுத்தியலுக்குக் காம்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நான் கேக்கறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுதை முடிச்சிடுங்க. எனக்கு எடம் வேணும்."

"தெரியும்மா."

"ராத்திரியும் பகலும் நாலு அடியும் நெஞ்சுல நின்னுகினு இருக்குது. எறக்கி வைக்க எடமில்லை. எம்புள்ள தண்ணியில ஊறினவன் அக்கா. அவனை மடியில போட்டுத் தொடைக்கணும் எனக்கு."

"குடுத்துடறேன்."

மாமியார் வாசலிலிருந்தே சொன்னாள். "மூணு அடியை ஆறு வருஷமா வச்சுகினு கீறா. ஒரு கொடம் தண்ணி வைக்கத் தெரியாதவளுக்கு நாலாவது அடி எங்க வரப்போவுது. வாடி."

அவர்கள் போய்விட்டார்கள். என் மனைவி அடுப்புப் பக்கம் போய் உட்கார்ந்தாள். நான் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

"ஒண்ணு சொல்லட்டா" என்றேன்.

"சொல்லுங்க."

நாலாவது அடியைச் சொன்னேன். பாடவில்லை, சொன்னேன். தண்டவாளத்தில் கட்டியது. கட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அவள் விறகை அடுப்புக்குள் தள்ளினாள்.

"மொத வருஷமே இதுதான் வந்துது எனக்கும்" என்றாள். "சொல்லு கொஞ்சம் வேற. சங்கதி இதுதான்."

"ஏன் பாடலை?"

"அது உங்க அடி. அதை நான் எப்படிப் பாடறது?"

"ஊரெல்லாம் உன்னைச் சொல்லுச்சே."

"சொல்லுச்சு."

"ஒரு வார்த்தை எங்கிட்டயாவது கேட்டிருக்கலாம்."

"அன்னிக்கு ஒருவாட்டி கேட்டேன்" என்றாள். "ஊத்திட்டுப் போங்கன்னு."

அவ்வளவுதான் பேசினோம். ஆறு வருஷத்தில் அந்தச் சங்கதியைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிதான் நான் முதலில் சொன்ன வெள்ளி.

அன்று காலையும் ஆறு மைல் நடந்தேன். எந்த ஆப்பை அடித்தேன், எதை விட்டேன் என்று ஞாபகமில்லை. சாயங்காலம் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். ஆண்கள் அதில் பாடுவதில்லை. மெழுகுவர்த்தி பிடிப்பதோடு சரி. பதின்மூன்றாம் ஸ்தலத்தில் உபதேசியார் செபத்தை முடித்தார். என் மனைவி எழுந்தாள். மூன்று அடி பாடினாள். நிறுத்தினாள். பெண்கள் காத்திருந்தார்கள்.

நான் பாடினேன்.

குடிச்ச வாயி கூசிப்போயிக்
கை ஊத்தலையே என் மகளே.

என் குரல் பாட்டுக்கானதில்லை. மாதா பேசுகிற பேச்சாகவும் அது இல்லை. மகளே என்று வந்ததும் சட்டம் முறிந்தது. முறிய வேண்டும் என்றுதான் வைத்தேன். மகனே என்று பாடியிருந்தால் ஆண்டவரைச் சொல்கிறான் என்று விட்டிருப்பார்கள்.

போதாது என்று பட்டது. பேச்சாகவும் சொன்னேன்.

"தண்ணி இருந்துது. கொடம் நெறைய இருந்துது. ஊத்துன்னு அவ சொன்னா. நான் குடிச்சிருந்தேன். ஊத்தாம ஓடினேன். உபதேசியார்கிட்ட தண்ணி இல்லைன்னு பொய் சொன்னேன்."

மெழுகு கையில் சொட்டியது.  காது கேட்காத பெரியவர் மட்டும் என்ன, என்ன என்று பக்கத்து ஆளைப் பார்த்தார்.

சின்னம்மா மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப நான் கொட்டலை" என்றாள்.

"இல்லை சின்னம்மா."

"ஆறு வருஷம்" என்றாள். "எத்தனை புள்ளைக்கு எத்தனை வூட்டுல தண்ணி தொட்டிருப்பேன். ஒவ்வொருவாட்டியும் கொடத்தை எட்டிப் பார்த்தேண்டா பாவி."

பால்காரரின் தாயார் முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். என் மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை.

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றினார். நூலைச் சரி செய்தார். மறுபடி போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மொத வெள்ளியே மூணாவது அடியைக் கேட்டேன். நீ சொல்வேன்னு இருந்தேன். நானும் தப்புதான் பண்ணேன்."

பிறகு புத்தகத்தைத் திருப்பினார். பதினாலாவது ஸ்தலம். அடக்கம்.

அடுத்த வெள்ளி பால்காரர் மனைவி பாடினாள். நாலு அடியும் நிற்காமல் வந்தது. பாடி முடித்து அப்படியே சுருண்டு உட்கார்ந்தாள். என் மனைவிதான் போய் அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

சின்னம்மா என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். சாகிறவரை பேசவில்லை. அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தெருவில் என்னை யாரும் தள்ளி வைக்கவில்லை. கிணற்றடியில் பேச்சு என் மனைவி வந்தாலும் தொடர்ந்தது. வீட்டில் ஒன்றும் பெரிதாக மாறவில்லை. அவள் சோறு போட்டாள், நான் சாப்பிட்டேன். மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை. எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை.

சில வருஷத்தில் லத்தீன் போய் எல்லாம் தமிழில் வந்தது. பூசை தமிழ், செபம் தமிழ். புதுச் சாமியார் ஒருவர் வந்தார். சிலுவைப்பாதைக்கு அச்சடித்த பாட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். பெண்கள் வாய்ப்பாட்டு நின்றுபோனது. நல்ல பாட்டுதான் புத்தகத்தில் இருந்தது. என் காலுக்கு அது வரவில்லை.

அந்த அறுபத்திரண்டிலேயே, பெரிய சனிக்கிழமை காலை. ஆண்டவர் கல்லறையில் இருக்கிற நாள். கோயிலில் வேலை இல்லை. என் மனைவி புடவையை உதறிக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"எடத்தைக் காட்டுங்க" என்றாள்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். வாசல் வழியாக உள்ளே போகாமல் சுவரைச் சுற்றிக்கொண்டு போனோம். கையில் ஒரு லோட்டா தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். வழியில் சிந்தாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டு வந்தாள். முள்ளுச் செடி நிறைய வளர்ந்திருந்தது. ஆப்பைத் தேடினேன். துரு ஏறி மண் நிறத்தில் இருந்தது. காலால் தடவித்தான் கண்டுபிடித்தேன்.

"இதுவா?"

"இதுதான்."

தண்ணீரை ஊற்றினாள். வாயில் ஒன்றும் சொல்லவில்லை. மண் குடித்துவிட்டது.

பிறகு திரும்பிச் சுவருக்குப் போனாள். சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். அங்கிருந்து ஆப்பைப் பார்த்து நடந்து வந்தாள். குதிகாலும் விரலும் முட்ட இல்லை, சாதாரண நடைதான். உதடு அசைந்தது. வந்து ஆப்புக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நீங்க எண்ணினீங்களா அன்னிக்கு?"

"எண்ணினேன்."

"எத்தனை?"

என் காலுக்கு ஒன்பது. அவள் காலுக்குப் பன்னிரண்டு.